106-ஆம் தனிமமும் அதன் பெயரும்

1. ஆய்வின் நோக்கம்

பெயர்ச்சொல் பற்றிய ஆராய்ச்சி தொல்காப்பியர் காலந்தொட்டு நம் இலக்கண நூலோரால் நுணுகி நடத்தப்பெற்று வந்துள்ளது. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு யாது, அத்தொடர்பு காரணம் பற்றியதா வழக்குப் பற்றியதா, ஒரு பெயர் நிலைபெறுவது எதனால் என்னும் வினாக்கள் அவ்வாராய்ச்சியுள் அடங்கும். இவற்றுக்கு விடை காணப் புகுவோர் பெரும்பாலும் பழஞ்சொற்களையே சான்றாகக் கொள்வர். ஆயின், பழஞ்சொல் ஒன்று எந்நாளில், எவரால், எக்காரணம் பற்றி ஆக்கப்பெற்றது என்பதற்கு நேர்ச்சான்று கிடைப்பது அரிது. வேர்ச்சொல்லைக் கொண்டு உய்த்துணரும் அளவோடு நாம் அமைய வேண்டியுள்ளது.

ஒரு பெயர் முன்மொழியப்பெற்ற ஆண்டும், மறுக்கப்பெற்ற ஆண்டும், ஏற்கப்பெற்ற ஆண்டும் ஆவணங்களிற் பதிவாகியிருப்பின், பெயரிடுதல் என்னும் செயலை அது நிகழும் முறையிலேயே காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டும். அத்தகைய சான்றுகளை இருபதாம் நூற்றாண்டின் வேதியியல் தருகின்றது. 106 என்னும் அணு எண்ணை உடைய தனிமம் 1974-இல் ஆக்கப்பெற்றது. அதன் பெயரோ 1997-இல்தான் உறுதிப்பட்டது. இடைப்பட்ட 23 ஆண்டுகளின் வரலாறு பெயரியல் ஆராய்வோர்க்குப் பெரிதும் பயன்படுவது. அத்தனிமத்தின் இன்றைய பெயர் சீபோர்கியம். அப்பெயரின் வரலாற்றை உரைத்து, நம் இலக்கணம் கூறும் பெயர்வகைகளுள் அஃது எதன்பாற்படும் என ஆராய்ந்து, தமிழில் அதனை எவ்வாறு எழுதுதல் தகும் எனத் துணிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பொருளின் இயல்பு

பெயரை ஆராயுமுன் பொருளை அறிதல் முறையாம். ஒரு தனிமத்தைப் பிறிதொன்றினின்று வேறுபடுத்துவது அதன் அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே. அவ்வெண்ணிக்கையை அணு எண் என்பர். இரும்பின் அணு எண் 26. பொன்னின் அணு எண் 79. யுரேனியத்தின் அணு எண் 92. இயற்கையிற் பேரளவாகக் கிடைக்கும் தனிமங்களுள் யுரேனியமே இறுதியானது. அதற்கு அப்பாற்பட்டவை 1940 முதலாக ஆய்வுக்கூடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கப்பெற்றன. அவற்றுள் 104 முதலாயினவற்றை மிகுகனத் தனிமங்கள் என வழங்குவர்.

இவற்றை ஆக்கும் முறை, கருத்தளவில், எண்களைக் கூட்டும் முறையே. 1974-இல் அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலியில் ஆல்பர்ட் கியோர்சோ என்பாரும் அவர்தம் குழுவினரும் கலிபோர்னியத்தை இலக்காக வைத்து, ஆக்சிசன் அணுக்கருக்களைத் துகள் முடுக்கியின் துணையால் அதன்மேற் செலுத்தினர். கலிபோர்னியத்தின் அணு எண் 98. ஆக்சிசனின் அணு எண் 8. இரண்டும் ஒன்றிய வழி 106 பிறந்தது. கூறுதல் எளிது, செய்தல் அரிது. எண்ணிறந்த துகள்கள் மோதினும், இரண்டு கருக்கள் பிளவுறாது ஒன்றுவது மிக அருகியே நிகழும்.

அவ்வாறு பிறந்த அணு நெடிது நிற்பதும் அன்று. பெர்க்கிலியில் முதலிற் கண்ட வகையின் அரை ஆயுள் ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவு. பின்னர்க் கண்ட வகைகளுள் நெடிது நிற்பனவும் சில நிமிட அளவினவே. எனவே இப்பொருளைக் கண்ணாற் கண்டாரும் கையால் தொட்டாரும் இலர். அஃது இருந்தது என்பது அதன் வழித்தோன்றல்களால் உணரப்படுவது. 106-ஆம் தனிமத்தின் அணு ஓர் ஆல்பாத் துகளை உமிழ்ந்து 104-ஆம் தனிமமாகின்றது. அது மீண்டும் ஒன்றை உமிழ்ந்து 102-ஆம் தனிமமாகின்றது. முன்னரே இயல்பு அறியப்பட்ட அவ்விரண்டையும் கருவிகள் வரிசையாகப் பதிவுசெய்யின், முதலில் நின்றது 106 எனத் துணிவர். மகனையும் பெயரனையும் கண்டு தந்தை இன்னான் என அறிவதனோடு இதனை ஒப்பிடலாம். இயற்பியலார் தாமும் இவ்வணுக்கருக்களைத் தாய் என்றும் மகள் என்றும் உறவுமுறையாற் குறிக்கும் வழக்கினர்.

காட்சிக்கு எட்டாததும், கணப்பொழுதில் மறைவதும், எவர்க்கும் உடைமையாகாததும் ஆகிய ஒரு பொருளின் பெயர்க்காக இரண்டு பேரரசுகளின் அறிஞர்கள் பல்லாண்டு வழக்கிட்டனர் என்பது முதற்கண் வியப்பைத் தரலாம். ஆயின் நுணுகி நோக்குவார்க்கு அதன் காரணம் புலப்படும். பொருள் மறைகின்றது; பெயரே நிற்கின்றது. எஞ்சி நிற்பது பெயர் ஒன்றேயாகலின் வழக்கும் பெயர் பற்றியதாயிற்று.

3. காரணமும் இடுகுறியும்

பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுத்து, ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என மேலும் பகுத்தார் நன்னூலார். சொற்களின் பொருட்காரணம் யாவர்க்கும் எளிதிற் புலப்படுவதன்று என்பது தொல்காப்பியர் கருத்து. இவ்விரண்டையும் உளங்கொண்டு உலோகப் பெயர்களை நோக்குவோம்.

செம்பு என்னும் பெயர் செம்மையடியாகவும், வெள்ளி என்னும் பெயர் வெண்மையடியாகவும் பிறந்தவை. பொன் என்பது தங்கத்தைச் சிறப்பாகக் குறிப்பினும், உலோகம் அனைத்திற்கும் பொதுப்பெயராகவும் வழங்கிற்று. ஐம்பொன் என்னும் வழக்கு இதற்குச் சான்று. அப்பொதுப்பெயரோடு நிறப்பெயரை அடைகொடுத்து இரும்பைக் கரும்பொன் எனவும் வெள்ளியை வெண்பொன் எனவும் வழங்கினர். ஒரு பொதுச்சொல்லும் ஓர் அடையும் கொண்டு ஓர் இனத்துப் பொருள் அனைத்தையும் பெயரிடும் இம்முறை காரணப்பெயர் முறையின் தூய வடிவம் எனலாம்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாகக் காரண இடுகுறி என ஒன்றையும் இலக்கண நூலோர் கூறுவர். முள்ளி என்பது முள்ளுடைமையாகிய காரணம் பற்றி வந்த பெயர். ஆயின் முள்ளுடைய செடிகள் பல. அவற்றுள் ஒன்றே முள்ளி எனப்படும். காரணம் கருதிய வழி முள்ளுடையன அனைத்திற்கும் பொருந்தியும், கருதாத வழி ஒன்றற்கே இடுகுறியாயும் நிற்றலின் அது காரண இடுகுறியாயிற்று. இப்பாகுபாடு 106-ஆம் தனிமத்தின் பெயரை விளக்குதற்கு எத்துணைப் பொருத்தமானது என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

4. எண்ணாற் பெற்ற பெயர்கள்

தனிமங்களுக்குக் காரணம் தெளிவாக விளங்கும் பெயரிட வேண்டும் என்னும் முயற்சி வேதியியலில் இருமுறை நிகழ்ந்தது.

முதல் முயற்சி உருசிய அறிஞர் மெண்டெலீவினுடையது. அவர் தனிமங்களை வரிசைப்படுத்தி அட்டவணை அமைத்தபோது சில இடங்கள் வெறுமையாக நின்றன. அவ்விடங்களுக்கு உரியவை இனிக் கண்டறியப்படும் எனத் துணிந்து, 1871-இல் அவற்றின் இயல்புகளை முன்னரே கூறினார். கூறுதற்குப் பெயர் வேண்டுமன்றோ? ஒன்று என்னும் பொருளதாகிய ‘ஏக’ என்னும் வடமொழி எண்ணுப்பெயரை முன்னே சேர்த்து, ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கான் என வழங்கினார். அலுமினியத்திற்கு அடுத்து ஓரிடம் தள்ளி நிற்பது என்பது ஏக அலுமினியத்தின் பொருள். மேலைநாட்டு அறிவியலார் ஒருவர் தம் கலைச்சொல்லாக்கத்திற்கு இந்திய மொழியொன்றன் எண்ணுப்பெயரை நாடினார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அப்பெயர்கள் நிலைத்தனவா? நிலைத்தில. 1875-இல் ஏக அலுமினியம் கண்டறியப்பட்டதும் காலியம் ஆயிற்று; 1879-இல் ஏக போரான் இசுக்காண்டியம் ஆயிற்று; 1886-இல் ஏக சிலிக்கான் செர்மேனியம் ஆயிற்று. மூன்றும் நாட்டுப்பெயர் அடியாகப் பிறந்தவை. காலியம் என்பது பிரான்சின் பழம்பெயராகிய காலியா என்பதன் வழியது. அதனைக் கண்ட பிரெஞ்சு அறிஞரின் பெயரில் சேவல் என்னும் பொருளுடைய சொல் ஒன்று உண்டு. இலத்தீனில் ‘காலுசு’ என்பதும் சேவலையே குறிக்கும். எனவே அவர் நாட்டின் பெயரைச் சொல்லித் தம் பெயரையும் சிலேடையாக உள்வைத்தார் எனச் சிலர் ஐயுற்றனர். அவர் அதனை மறுத்தார்.

இரண்டாவது முயற்சி 1978-இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் செய்தது. பெயர் உறுதிப்படாத தனிமங்களுக்கு அணு எண்ணின் இலக்கங்களைக் கொண்டே பெயரமைக்க விதி வகுக்கப்பட்டது. ஒன்றுக்கு ‘உன்’, சுழிக்கு ‘நில்’, ஆறுக்கு ‘எக்சு’ என இலத்தீனும் கிரேக்கமும் விரவிய அசைகளை அடுக்கி, இறுதியில் ‘இயம்’ என்னும் ஈற்றைச் சேர்த்தனர். அம்முறையில் 106-ஆம் தனிமம் உன்னில்எக்சியம் எனப்பட்டது. காரணம் முற்றும் விளங்கும் பெயர் இதனினும் வேறில்லை. பெயரைக் கேட்டவுடன் எண் விளங்கும். எண் விளங்கியவுடன் பொருள் விளங்கும். ஆயினும் ஆய்வாளர்கள் அப்பெயரை விரும்பினாரல்லர். பெயர் துணியும்வரை ‘106-ஆம் தனிமம்’ என எண்ணாலேயே சுட்டினர்.

இவ்விரு முயற்சிகளும் உணர்த்துவது ஒன்றே. வரிசையால் வரும் காரணப்பெயர் பொருள் கைவரும் வரையிலோ வழக்குத் தீரும் வரையிலோ இடத்தைக் காத்துநிற்கும் அடையாளமாகவே பயன்படுகின்றது. பிறந்த குழந்தையை மூத்தவன், இளையவன் எனச் சுட்டினும் பெயர்சூட்டு விழாவிற்குப் பின்னர் அவ்வெண்முறை பெயராக நிற்பதில்லை.

5. பெயரிடும் உரிமை

கண்டார்க்கே பெயரிடும் உரிமை என்பது வேதியியலில் நெடுங்காலம் நிலவிய வழக்கு. கண்டார் யார் என்பதில் ஐயம் இல்லாதவரை அவ்வழக்கு இடர்ப்பட்டிலது. மிகுகனத் தனிமங்களில் அவ்வையம் எழுந்தது.

உருசியாவில் வால்கா ஆற்றங்கரையிலுள்ள துப்னா என்னும் ஊரில் 1956-இல் அணுக்கரு ஆராய்ச்சிக்கான கூட்டு நிறுவனம் ஒன்று நிறுவப்பெற்றது. அதன் ஆய்வாளர்கள் 1964-இல் 104-ஆம் தனிமத்தைக் கண்டதாக அறிவித்து, சோவியத்து அணு அறிஞர் குர்ச்சாத்தோவின் நினைவாகக் குர்ச்சாத்தோவியம் எனப் பெயர் மொழிந்தனர். பெர்க்கிலியினர் அச்சான்று போதாது எனக் கூறி, 1969-இல் தாம் கண்டதனை அறிவித்து, இரதர்போர்டியம் என்றனர். 105-ஆம் தனிமத்தைத் துப்னாவினர் நீல்சுபோரியம் என, பெர்க்கிலியினர் ஆனியம் என்றனர். ஆகவே ஒரே பொருள் வோல்காவின் கரையில் ஒரு பெயராலும் பசிபிக்குக் கரையில் வேறொரு பெயராலும் அச்சிடப்பட்டது. பன்மொழிகளில் ஒரு பொருட்குப் பல பெயர் இருத்தல் இயல்பு. ஆயின் ஒரு துறையின் பொதுமொழியில் ஒரு பொருள் இருபெயர் பெறுதல், கண்டார் யார் என்னும் வழக்குத் தீராமையின் அடையாளமாகும்.

106-ஆம் தனிமத்திலும் இருதரத்தாரும் 1974-இலேயே உரிமை கூறினர். துப்னாவில் ஒகனேசியன் தலைமையில் ஈய இலக்கின்மேல் குரோமிய அணுக்கருக்களைச் செலுத்தி அதனை ஆக்கியதாக அறிவித்தனர். இவ்வழக்குகளைத் தீர்க்க வேதியியல் ஒன்றியமும் பன்னாட்டு இயற்பியல் ஒன்றியமும் 1985-இல் ஒரு கூட்டுக்குழுவை அமைத்தன. எதனைக் கண்டறிதல் எனக் கொள்வது என்பதையே அக்குழு முதலில் வரையறுத்தது. கோடியைக் கோடியாற் பெருக்கிய தொகையால் ஒரு வினாடியைப் பகுத்தால் வரும் ஒரு கூற்றளவேனும் நில்லாத கருவைத் தனிமம் எனக் கொள்ளலாகாது என்பது அவ்வரையறைகளுள் ஒன்று. கரு தன்னைச் சூழ்ந்து எலெக்ட்ரான்களைப் பெறுதற்கு அவ்வளவு காலம் வேண்டும். பெயர் பெறுதற்குரிய தகுதியாக ஒரு குறைந்த வாழ்நாள் வகுக்கப்பட்டது எனலாம். 1993-இல் வெளியான முடிவின்படி 104, 105 ஆகியவற்றின் பெருமை இருதரத்தார்க்கும் பகிரப்பட்டது. 106 பெர்க்கிலி, இலிவர்மோர் ஆய்வாளர்க்கு உரியதாயிற்று. அவ்வாண்டிலேயே பெர்க்கிலியில் பழைய ஆய்வு மீண்டும் செய்து உறுதிப்படுத்தப்பட்டது.

6. உயிருடன் இருப்பவர் பெயர்

உரிமை பெற்ற குழுவினர் 1994 மார்ச்சில் சீபோர்கியம் என்னும் பெயரை அறிவித்தனர். கிளென் சீபோர்கு 1912-இற் பிறந்தவர். புளூட்டோனியம் முதலாகப் பல தனிமங்களைக் கண்ட குழுக்களில் முதன்மை பெற்றவர். 1951-இல் மெக்மில்லன் என்பாருடன் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர். அட்டவணையின் அடியில் ஆக்டினைடுகள் எனத் தனிவரிசை ஒன்று நிற்பது அவர்தம் கருத்தின் பயன். பெயர் அறிவிக்கப்பட்டபோது அவர் உயிருடன் இருந்தார்.

இதுவே புதிய வழக்கிற்கு வித்தாயிற்று. 1994 ஆகத்தில் ஒன்றியத்தின் பெயரிடு குழு, உயிருடன் இருப்பவர் பெயரைத் தனிமத்திற்கு இடலாகாது எனத் துணிந்து, வேறு பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஒருவரின் பணியை வரலாற்று நோக்கில் மதிப்பிட இடைக்காலம் வேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. அப்பட்டியலில் 104 துப்னியம், 105 சோலியோட்டியம், 106 இரதர்போர்டியம், 107 போரியம், 108 ஆனியம், 109 மைட்னெரியம் என நின்றன. சீபோர்கியம் இடம்பெறவில்லை.

அமெரிக்க வேதியியல் கழகம் இதனை ஏற்க மறுத்தது. தன் வெளியீடுகளில் சீபோர்கியம் என்றே வழங்க முடிவுசெய்தது. ஐன்சுடைனியம், பெர்மியம் என்னும் பெயர்களை அவர்கள் சான்று காட்டினர். அவ்விரு தனிமங்களும் 1952-இல் நிகழ்ந்த வெப்ப அணுக்கரு வெடிப்பின் எச்சங்களிற் காணப்பட்டவை. ஐன்சுடைனும் பெர்மியும் வாழ்ந்த காலத்திலேயே அப்பெயர்கள் கருதப்பட்டன. ஆய்வு மறைபொருளாக இருந்தமையின், இருவரும் மறைந்த பின்னர் 1955-இல்தான் அவை வெளிப்பட்டன.

1995-இல் திருத்தப் பட்டியல் ஒன்று எழுந்து, அதுவும் இசைவு பெறாது, இறுதியில் 1997 ஆகத்தில் செனீவாவிற் கூடிய ஒன்றியப் பேரவையில் முடிவு எய்தப்பெற்றது. 104 இரதர்போர்டியம், 105 துப்னியம், 106 சீபோர்கியம், 107 போரியம், 108 ஆசியம், 109 மைட்னெரியம் என உறுதியாயின. ஒவ்வொரு தரத்தாரும் ஒன்றைப் பெற்று ஒன்றை இழந்தனர். துப்னா நகரின் பெயர் நிலைத்தது. குர்ச்சாத்தோவின் பெயர் மறைந்தது. சீபோர்கின் பெயர் நிலைத்தது. ஆன் என்பாரின் பெயர் மறைந்தது. செர்மன் நாட்டுத் தார்ம்சுடாட்டினர் தாம் கண்ட 107-க்கு நீல்சுபோரியம் என முழுப்பெயர் மொழிந்திருந்தனர். ஒருவரின் முதற்பெயரையும் சேர்த்திடும் முன்மரபு இல்லாமையின் அது போரியம் எனச் சுருங்கிற்று. 108 அவர்தம் மாநிலமாகிய எசனின் இலத்தீனப் பெயரால் ஆசியம் ஆயிற்று. அணுக்கருப் பிளவின் ஆய்வில் ஆன், மைட்னர் இருவரும் நெடுங்காலம் உடனுழைத்தவர். 1944-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு ஆனுக்கே கிடைத்தது, மைட்னர்க்குக் கிடைத்திலது. தனிம அட்டவணையிலோ மைட்னரின் பெயர் நிற்க, ஆனின் பெயர் இல்லை.

சீபோர்கு 1999-இல் மறைந்தார். தம் பெயரால் ஒரு தனிமம் வழங்குவதனை உயிருடன் இருந்து கண்ட முதல்வர் அவரே. 2016-இல் 118-ஆம் தனிமம் ஒகனேசான் எனப் பெயர் பெற்றபோது ஒகனேசியன் இரண்டாமவர் ஆனார். 1974-இல் ஒரே தனிமத்திற்கு எதிரெதிர் உரிமை கூறிய இரு தரத்தாரைச் சார்ந்தோர் இருவரே இப்பெருமையைப் பெற்றனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

7. சீபோர்கியம் எவ்வகைப் பெயர்?

இனி, எடுத்துக்கொண்ட வினாவிற்கு வருவோம். சீபோர்கியம் என்பது இடுகுறியா, காரணமா? சீபோர்கின் நினைவு என்னும் காரணம் உண்டு. ஆகவே வெறும் இடுகுறி அன்று. ஆயின் அக்காரணம் 106-க்கு மட்டும் உரியதா எனின், அன்று. சீபோர்கு உடனிருந்து கண்ட தனிமங்கள் பல. புளூட்டோனியம், அமெரிசியம், கியூரியம், பெர்க்கிலியம் ஆகிய எதற்கும் அவர் பெயர் பொருந்தியிருக்கும். அவ்வாறு பலவற்றிற்கும் பொருந்தும் காரணம் ஒன்றற்கே குறியாய் நின்றமையின், முள்ளி போல, சீபோர்கியமும் காரண இடுகுறியே என நாம் துணிகின்றோம்.

இதற்கு மற்றுமோர் சான்று 106 என்னும் எண்ணே. 1994-இன் பட்டியலில் அதே 106 இரதர்போர்டியம் எனப்பட்டது. 1997-இல் இரதர்போர்டியம் 104-க்குச் சென்றது. பொருளின் இயல்பிலே பெயர்க்காரணம் அமைந்திருப்பின் இவ்வாறு பெயர் இடம்பெயர்தல் இயலாது. வெள்ளியைச் செம்பு எனவும் செம்பை வெள்ளி எனவும் ஒரு குழு தீர்மானித்தல் கூடுமோ? நிறம் தடுத்துநிற்கும். இங்குத் தடுப்பது யாதும் இல்லை. எனவே இப்பெயரை நிலைநிறுத்துவது அறிஞர்தம் இசைவு ஒன்றே. உயர்ந்தோர் வழக்கே வழக்கு என நம் நூலோர் கொண்ட கொள்கை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பேரவையின் தீர்மானமாக வெளிப்பட்டது எனலாம்.

இசைவினால் வந்த பெயர், இசைவு நீங்கின் மறைதல் வேண்டும். ஆயின் மறைந்த பெயரும் முற்றும் அழிவதில்லை. ஒரு தனிமத்திற்கு ஒருகால் வழங்கிக் கைவிடப்பட்ட பெயரைப் பிறிதொன்றிற்கு இடலாகாது என்பது விதி; பழைய ஏடுகளைப் பயில்வோர் மயங்காமைப் பொருட்டு அது வகுக்கப்பட்டது. ஆதலால் ஆனியம், குர்ச்சாத்தோவியம், சோலியோட்டியம் ஆகியன மீண்டும் எழா. சப்பானியர் மசதக்கா ஒகவா 1908-இல் 43-ஆம் தனிமத்தைக் கண்டதாகக் கருதி நிப்போனியம் எனப் பெயரிட்டார். அஃது 43 அன்று எனப் பின்னர்த் தெளிந்தமையின் பெயர் வீழ்ந்தது. நூறாண்டு கடந்து சப்பானியர் 113-ஆம் தனிமத்தைக் கண்டபோது பழம்பெயரை மீட்க இயலவில்லை. தம் நாட்டுப் பெயரின் மற்றை ஒலிப்பைக் கொண்டு 2016-இல் நிகோனியம் என்றனர். குறியீடுகளுக்கும் இவ்விதி பொருந்தும். 112-ஆம் தனிமமாகிய கோப்பர்னிசியத்திற்கு முதலில் மொழிந்த குறியீடு, இலுட்டீசியத்திற்கு ஒருகால் வழங்கிய கசியோப்பியம் என்னும் பெயரின் குறியீடாக இருந்தமையின் மாற்றப்பட்டது.

8. பகுதியும் விகுதியும்

சீபோர்கியம் என்பதனைப் பகுபதமாகக் கொண்டு பிரிப்பின், சீபோர்கு என்பது பகுதி; இயம் என்பது விகுதி. பகுதி ஒருவரை நினைவுறுத்துகின்றது. விகுதி உறவை உணர்த்துகின்றது. 2016-இன் விதிகளின்படி அட்டவணையின் 1 முதல் 16 வரையிலான தொகுதிகளைச் சேர்ந்த புதிய தனிமங்கள் ‘இயம்’ என்றும், 17-ஆம் தொகுதியைச் சேர்ந்தவை ‘ஐன்’ என்றும், 18-ஆம் தொகுதியைச் சேர்ந்தவை ‘ஆன்’ என்றும் முடிதல் வேண்டும். 106-ஆம் தனிமம் குரோமியம், மாலிப்டினம், டங்சுடன் ஆகியவற்றின் கீழ் 6-ஆம் தொகுதியில் நிற்பது. ஒருசில அணுக்களையே கொண்டு நிகழ்த்திய ஆய்வுகளிலும் அது தன் தொகுதிக்குரிய இயல்பையே காட்டிற்று. விகுதி சில வேளை பொய்ப்பதும் உண்டு. ஈலியம் ஞாயிற்றின் ஒளியில் முதலில் உணரப்பட்டபோது உலோகமெனக் கருதப்பட்டமையின் ‘இயம்’ பெற்றது. அது வளியென அறிந்த பின்னரும் பெயர் மாறவில்லை.

இவ்விகுதி தமிழியல்புக்கு நன்கு இயைவது. மகர ஈற்று அஃறிணைப் பெயர்கள் நம் மொழியிற் பெருகியுள்ளன. மரம் மரத்தை என்றாதல் போலச் சீபோர்கியம் சீபோர்கியத்தை என அத்துச்சாரியை பெற்று இயல்பாக வேற்றுமை ஏற்கும். எனவே இவ்வீற்றை மாற்ற வேண்டுவதில்லை.

9. தமிழில் எழுதுமாறு

இத்தகைய பெயர்களை மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா என்னும் வினா கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர்க்குப் புதிதன்று. பெயர்வகை தெளிந்தால் விடையும் தெளியும் என்பது நம் கருத்து.

பொருளின் இயல்பு பற்றிய காரணப்பெயராயின் தமிழாக்கம் தகும். சிலபோது மூலத்தினும் சிறக்கும். ஆக்சிசன் என்பதற்கு அமிலத்தை ஆக்குவது என்பது பொருள். அமிலங்கள் அனைத்திலும் அது உண்டு என்னும் இலவாசியேயின் கருத்துப்படி அப்பெயர் அமைந்தது. அக்கருத்துப் பிழை எனப் பின்னர்த் தெரிந்தது. ஐதரோகுளோரிக்கு அமிலத்தில் ஆக்சிசன் இல்லை. உயிர்வளி என்னும் நம் சொல்லோ மூலத்தைப் பெயர்க்காது பொருளின் செயலை நோக்கி எழுந்தமையின் அப்பிழையினின்று நீங்கியது.

காரணம் ஓர் ஆளின் நினைவோ ஊரின் நினைவோ ஆயின் மொழிபெயர்ப்பு அந்நினைவையே அழித்துவிடும். சீபோர்கின் முன்னோர் சுவீடன் நாட்டினர். அவர்தம் குடிப்பெயர் அந்நாட்டில் கடல் அல்லது ஏரி என்னும் சொல்லும் மலை என்னும் சொல்லும் இணைந்தது. அமெரிக்கா புகுந்தபின் அது சீபோர்கு எனத் திரிந்தது. சொற்பொருளைப் பற்றிக்கொண்டு 106-ஆம் தனிமத்தைக் கடற்குன்றம் என நாம் பெயர்ப்பின், தமிழ் வளம்பெறாது. ஓர் அறிஞரின் நினைவு ஒழியும். மாணாக்கர் இல்லாத கடலையும் இல்லாத குன்றையும் தேடுவர். எனவே ஈண்டு ஒலிபெயர்ப்பே முறை.

ஒலிபெயர்ப்பிலும் பகுதி சிதையலாகாது. சீபோர்ஜியம் என எழுதுவாரும் உளர். ஆங்கில எழுத்தை மட்டும் நோக்கி, அவ்வெழுத்துப் பிற சொற்களிற் பெறும் ஒலியை இங்கு ஏற்றியதால் வந்த பிழை இது. அறிஞரின் பெயர் ககர ஒலியில் முடிவது. ஆகவே சீபோர்கியம் என்பதே பகுதியைக் காப்பது. அது கிரந்த எழுத்தையும் வேண்டாது நிற்றல் மேலும் ஒரு நன்மை.

105-ஆம் தனிமத்தின் பெயர் இதனினும் தெளிவாக நம் கருத்தை விளக்கும். அதனைப் பலர் டப்னியம் என எழுதுகின்றனர். டகரம் மொழிக்கு முதலாகாது என்பது நம் இலக்கணம். விதியைக் காத்தற்பொருட்டு இகரத்தை முன்வைத்து இடப்னியம் எனின் ஊர்ப்பெயர் மறைகின்றது. விதியைக் கைவிட்டு டப்னியம் எனின் ஊர்ப்பெயர் காக்கப்படுகின்றதா? அதுவும் இல்லை. உருசியர் தம் ஊரைத் துப்னா என நாநுனி பல்லைப் பொருந்தும் ஒலியாலேயே வழங்குகின்றனர். டப்னா என்பது ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த திரிபு. துப்னியம் என எழுதின் மூலத்தின் ஒலியும் காக்கப்படும். மொழிமுதல் விதியும் காக்கப்படும். வடசொற்கள் தமிழில் வருங்கால் அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு புணர்ந்து வருதல் வேண்டும் எனத் தொல்காப்பியர் வகுத்த நெறி, இற்றை அறிவியற் பெயர்களுக்கும் இடர்ப்பாடின்றிப் பொருந்துவதனை இவ்வெடுத்துக்காட்டு காட்டும். இடையில் நிற்கும் மொழியை விடுத்து மூலமொழியை நோக்கிய வழி நம் விதியும் வெளிமொழிப் பெயரும் முரணாது நிற்கும் இடங்கள் பல உள.

ஆயின் இம்முறை எல்லாவிடத்தும் இடரின்றிச் செல்லும் எனக் கூறுவதற்கில்லை. இரதர்போர்டியம், இலிவர்மோரியம் ஆகியவற்றில் முன்னே இகரம் பெறுதல் நெடுநாள் வழக்காதலின் ஏற்கத்தகும். தென்னசி மாநிலத்தின் பெயரால் வழங்கும் 117-ஆம் தனிமத்தின் முதலொலி ஆங்கிலத்தில் டகரமே. அங்குத் தகரம் கொள்வது மூலத்தைக் காப்பதன்று, வழக்கிற்கு இணங்குவதே. போரியம், போரான் ஆகிய இரண்டும் தமிழெழுத்தில் ஒரே பகுதியை உடையனவாகத் தோன்றி மயக்கம் தரும். அவ்விடத்து விகுதியே வேறுபாட்டை உணர்த்தி நிற்கின்றது. விகுதியைக் காத்தல் வேண்டும் என நாம் வலியுறுத்துவது இதனாலும் ஆகும்.

10. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும். எண்முறையால் வரும் தூய காரணப்பெயர்கள் தனிமங்களுக்கு நிலைத்த பெயராக நின்றில. நின்றவை ஆள், ஊர், நாடு ஆகியவற்றின் நினைவு பற்றியவை. அவை நம் இலக்கணத்தின்படி காரண இடுகுறியின்பாற்படும். அவற்றை நிலைநிறுத்துவது கண்டார் உரிமை மட்டும் அன்று, அறிஞர்தம் இசைவும் ஆகும். அப்பெயர்களைத் தமிழில் வழங்குங்கால் பகுதி தாங்கும் நினைவையும் விகுதி தாங்கும் உறவையும் ஒருசேரக் காத்தல் வேண்டும்.

நூலுக்கு நூல் வேறுபட எழுதப்படும் பெயர் மாணாக்கர்க்கு இடர் விளைப்பது. ஒரே பொருள் இருவேறு பெயரால் வழங்கிய காலத்தில் வேதியியலார் உற்ற இடர் எத்துணையது என்பதை மேலே கண்டோம். அவர்கள் 23 ஆண்டுகளில் ஓர் இசைவை எய்தினர். ஒரே பெயரை ஐந்து வகையாக எழுதிக்கொண்டிருக்கும் நாமும் இலக்கணப் புலவரும் அறிவியல் அறிஞரும் ஒருங்கிருந்து ஓர் இசைவை எய்துதல் அரிதன்று. சீபோர்குக்கு எழுதும் கடிதத்தின் முகவரியைத் தனிமப் பெயர்களாலேயே எழுதலாம் என்பது அறிஞரிடையே வழங்கிய நகைச்சுவை: சீபோர்கியம், இலாரன்சியம், பெர்க்கிலியம், கலிபோர்னியம், அமெரிசியம். ஆள், ஆய்வுக்கூடம், ஊர், மாநிலம், நாடு என அவை ஐந்தும் முறையே நிற்கின்றன. பகுதி சிதையாது எழுதிய வழியே அம்முகவரி தமிழிலும் உரியாரைச் சென்று சேரும்.